திருக்கை மீன் முதல் தாடைச் சிகிச்சை வரை

தாடை அறுவைக்குப் பின் முகத்தில் மின்தூண்டல் தருவதை நவீன வித்தை என்கிறோம். கி.பி. முதல் நூற்றாண்டிலேயே ரோமானிய மருத்துவர் ஸ்கிரிபோனியஸ் லார்கஸ், தலைவலிக்கு உயிருள்ள மின்திருக்கையைத் தலையில் வைக்கச் சொன்னார்.

1862-இல் பிரான்சின் டுஷேன், முகத்தசைகளை மின்சாரத்தால் அசைத்துப் படமெடுத்து நூலாக்கினார்.

1957-இல் டிரவுனரும் ஒப்வெகேசரும் கீழ்த்தாடையைப் பிளந்து நகர்த்தும் முறையை விளக்கினார்கள். கீழுதட்டுக்கு உணர்ச்சி தரும் நரம்பு அந்த எலும்புக்குள் ஓடுவதால், உதடு மரத்துப்போவதுண்டு.

1965-இல் மெல்சாக்கும் வாலும், தொடுவுணர்வு தண்டுவடத்தில் வலியின் வாசலை அடைக்கும் என்றார்கள். தோல்மேல் மின்தூண்டல் அதன்பிறகே பரவியது.

என் மனத்தில் நிற்பவர் டுஷேன் படங்களில் வரும் ஏழை முதியவர். அவர் முகம் மரத்திருந்தது. வலி தெரியாது என்பதே அவரைப் பயன்படுத்த வசதியானது. இன்று அதே மின்சாரம், மரத்த முகத்துக்காகவே வேலை செய்கிறது. வலித்தால் நிறுத்தச் சொல்லலாம். இதுதான் வளர்ச்சி என்பேன்.