கூடு விட்டுக் கூடு பாயும் எண்

திருமூலர் கதை தெரியாத தமிழர் அநேகமாக இருக்க மாட்டார். கைலாயத்திலிருந்து தெற்கே வந்த யோகி ஒருவர், சாத்தனூரில் மூலன் என்னும் இடையன் இறந்து கிடப்பதையும், அவன் மேய்த்த பசுக்கள் சுற்றி நின்று கதறுவதையும் கண்டார். மனம் இளகித் தம் உடலை ஓரிடத்தில் பத்திரமாக வைத்துவிட்டு மூலனுடைய உடலுக்குள் புகுந்தார். பசுக்கள் மகிழ்ந்தன. ஆனால் மூலனின் மனைவிக்கு ஒரு வித்தியாசம் தட்டுப்பட்டது. முகம் அதே முகம்தான். நடத்தை மட்டும் வேறு. ஊர்ப் பெரியவர்களிடம் போய் முறையிட்டாள். யோகி திரும்பிப் போய்ப் பார்த்தாலோ, வைத்த இடத்தில் பழைய உடலைக் காணோம்! வந்த கூட்டிலேயே தங்கிவிட்டார்.

இந்த வித்தை இன்று நம் வீடுகளில் சர்வ சாதாரணமாக நடக்கிறது. பழைய செல்போனின் கண்ணாடி உடைந்து போகிறது. அல்லது பிள்ளை புதிதாக ஒன்று வாங்கிக் கொடுக்கிறான். நகத்தளவு அட்டை ஒன்றைப் பழைய கூட்டிலிருந்து எடுத்துப் புதிய கூட்டில் செருகுகிறோம். சில சமயம் உடனே உயிர் வந்துவிடுகிறது. சில சமயம் வருவதில்லை. கடைக்குப் போனால் வேறு சிம் கார்டு தருகிறார்கள். அடையாளச் சீட்டு கேட்கிறார்கள். சில மணி நேரம் பொறுத்திருக்கச் சொல்கிறார்கள். நம்முடைய எண்ணை நமக்கே கொடுப்பதற்கு இத்தனை சடங்கா என்று எரிச்சல் உண்டாகிறது. அந்தச் சடங்குக்குப் பின்னால் நாற்பது வருஷத்துச் சரித்திரம் இருக்கிறது.

உடலையும் உயிரையும் பிரிக்கவே முடியாத காலம் ஒன்று இருந்தது. அமெரிக்காவில் 1983-ஆம் வருஷம் அக்டோபர் மாதம் சிகாகோ நகரில் செல்போன் வியாபாரம் ஆரம்பமாயிற்று. அந்தப் போன்களில் அட்டை எதுவும் கிடையாது. தொழிற்சாலையிலேயே ஒவ்வொரு கருவிக்குள்ளும் ஒரு வரிசை எண்ணைப் பதித்து அனுப்பினார்கள். வாடிக்கையாளரின் டெலிபோன் எண்ணை விற்பனையாளர் அதே கருவிக்குள் எழுதிக் கொடுத்தார். வேறு போனுக்கு மாற வேண்டுமானால் மறுபடியும் அவரிடம்தான் போய் நிற்க வேண்டும். போன் பழுதானால் எண்ணும் அதனுடன் படுத்துக்கொள்ளும்.

அதில் இன்னோர் ஆபத்தும் இருந்தது. கருவி தன் இரண்டு எண்களையும் ஆகாயத்தில் அப்படியே ஒலிபரப்பியது. காது கொடுத்துக் கேட்கும் யந்திரம் ஒன்றை வைத்துக்கொண்டு சாலை ஓரத்தில் உட்கார்ந்தால் போதும். அவற்றைப் பிடித்து வேறொரு போனில் பதித்துவிடலாம். பேசுகிறவன் ஒருவன், பில் கட்டுகிறவன் இன்னொருவன். 1990-களில் அமெரிக்கக் கம்பெனிகள் இந்தத் திருட்டினால் கோடிக்கணக்கான டாலர்களை இழந்தன.

ஐரோப்பாவின் கஷ்டம் வேறு விதமானது. அங்கே நாட்டுக்கு ஒரு முறை. ஸ்வீடனில் பேசிய போன் ஜெர்மனியில் ஊமை. ஜெர்மனியின் போன் பிரான்சில் ஊமை. எல்லோருக்கும் பொதுவான முறை ஒன்றை வகுப்பதற்காக 1982-ல் ஒரு குழுவை அமைத்தார்கள். 1987 செப்டம்பர் 7-ஆம் தேதி கோபன்ஹேகன் நகரில் 13 நாடுகளின் பிரதிநிதிகள் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். அதுதான் நாம் ஜி.எஸ்.எம். என்று அழைக்கும் முறைக்கு அஸ்திவாரம்.

அந்தக் காலத்தில் நடமாடும் டெலிபோன் என்றால் பெரும்பாலும் காரில் பொருத்திய டெலிபோன்தான். காரைத் தூக்கிக்கொண்டு விமானம் ஏற முடியுமா? ஆகவே மனிதனுடைய அடையாளத்தைக் கருவியிலிருந்து பிரித்து ஓர் அட்டையில் வைத்துவிட்டால், அவன் போகிற ஊரில் கிடைக்கிற கருவியில் அதைச் செருகிப் பேசலாமே என்ற யோசனை எழுந்தது. மேற்கு ஜெர்மனியில் 1985-ல் தொடங்கிய முறையில் ஏற்கெனவே இப்படி ஓர் அட்டை இருந்தது. முதலில் அது காந்தப் பட்டையுடன் இருந்தது. பிறகு அதில் சில்லு ஏறியது. சில்லு அட்டைக்கும் ஒரு பூர்வோத்தரம் உண்டு. பிரெஞ்சுக்காரரான ரோலாந் மொரேனோ 1974-லேயே அதற்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்திருந்தார்.

1991 ஜூலை 1-ஆம் தேதி பின்லாந்தில் முதல் ஜி.எஸ்.எம். பேச்சு நடந்தது. முன்னாள் பிரதமர் ஹாரி ஹோல்கெரி பேசினார்; டாம்பெரே நகரத் துணை மேயராக இருந்த கரீனா சுவோனியோ கேட்டார். அந்தச் சேவையை நடத்திய ரேடியோலின்யா கம்பெனிக்கு மூனிக் நகரத்து கீசெக்க அண்ட் டெவ்ரியண்ட் நிறுவனம் 300 சிம் கார்டுகளை விற்றது. உலகத்தில் முதன்முதலில் விலைபோன சிம் கார்டுகள் அவைதாம்.

அந்த அட்டைக்குள் அப்படி என்னதான் இருக்கிறது? நம் டெலிபோன் எண் இருக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் இருப்பது 15 இலக்கமுள்ள வேறொரு எண். இந்திய அட்டையானால் அது 404 அல்லது 405 என்று ஆரம்பிக்கும். அதோடு 128 துண்டுகள் கொண்ட ஓர் இரகசியச் சாவியும் இருக்கிறது. அதே சாவியின் பிரதி ஒன்று கம்பெனியின் பெட்டகத்தில் இருக்கும். போன் உயிர் பெற்றதும் கம்பெனி ஒரு புதிர் போடுகிறது. அட்டை தன் சாவியைக் கொண்டு கணக்குப் போட்டு விடையை மட்டும் அனுப்புகிறது. சாவி அட்டையை விட்டு வெளியே வருவதே இல்லை. அடுத்த தடவை வேறு புதிர், வேறு விடை. ஆகையால் ஆகாயத்தில் ஒட்டுக் கேட்டவனுக்கு நேற்றைய விடை இன்றைக்கு உதவாது. மூலன் மனைவி முகத்தைப் பார்த்து ஏமாறாதது போல, கம்பெனியும் கருவியைப் பார்த்து ஏமாறுவதில்லை.

நம் டெலிபோன் எண்ணோ கம்பெனியின் பேரேட்டில் இருக்கிறது. 'இந்த எண்ணுக்கு அழைப்பு வந்தால் இந்த அட்டைக்கு அனுப்பு' என்று அங்கே ஒரு வரி எழுதியிருக்கும். புதிய சிம் கார்டு கொடுக்கும்போது அந்த வரியை அடித்துத் திருத்துகிறார்கள். அந்தக் கணத்தோடு பழைய அட்டை வெறும் பிளாஸ்டிக். நாம் பொறுத்திருக்கும் நேரமெல்லாம் இந்தத் திருத்தத்துக்கான நேரம்தான்.

இந்தியாவில் 1995 ஜூலை 31-ஆம் தேதி, கல்கத்தாவிலிருந்து முதலமைச்சர் ஜோதிபாசு, டில்லியிலிருந்த மத்திய மந்திரி சுக்ராமுடன் செல்போனில் பேசினார். அன்று முதல் சிம் கார்டு நமக்கு அறிமுகம். ஆனால் 2002 டிசம்பரில் ரிலையன்ஸ் கொண்டுவந்த மலிவான சி.டி.எம்.ஏ. போன்களில் அட்டையே இல்லை. சிகாகோவின் பழைய ஏற்பாடு போல எண் கருவியோடு ஒட்டியிருந்தது. செல்போன் சாமான்யர் கைக்கு வந்தது. ஆனால் கருவியை மாற்றும் சுதந்திரம் வரவில்லை. ஒரே நாட்டில் ஒரே சமயத்தில், ஒருவர் அட்டையை எடுத்து எந்தப் போனிலும் போட்டுக்கொண்டார். பக்கத்து வீட்டுக்காரர் கம்பெனியின் கடை வாசலில் நின்றார்.

அட்டையும் நாளாக நாளாகத் தேய்ந்துகொண்டே வந்தது. முதலில் 85.6 மில்லிமீட்டர் நீளம், பிறகு 25, பிறகு 15, 2012-ல் 12.3. தங்க நிறச் சில்லைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக்தான் போயிற்று. கடைக்காரர்கள் அதை வெட்டுவதற்கென்றே ஒரு கருவி வைத்திருந்தார்கள். உள்ளேயும் மாறுதல் நடந்தது. 1998-ல் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள், அட்டை கையில் கிடைத்தால் அதன் இரகசியச் சாவியைக் கண்டுபிடித்துவிடலாம் என்று செய்து காட்டினார்கள். மூன்றாம் தலைமுறை அட்டைகள் இன்னும் கெட்டிக்காரத்தனமானவை. கம்பெனி தங்களைச் சோதிப்பதோடு நில்லாமல், அது அசல் கம்பெனிதானா என்று அவையும் திருப்பிச் சோதித்தன. 2012-ல் அதே கொல்கத்தாவில் 4ஜி வந்தபோது, ஆதி காலத்து அட்டை அந்தக் கதவைத் திறக்கவில்லை. புதிய போன் வாங்கியும் அட்டையை ஏன் மாற்றச் சொல்கிறார்கள் என்பதற்கு விடை இதுதான்.

விக்கிரமாதித்தன் கதையில், அரசன் கிளியின் உடலில் புகுந்திருந்த சமயம் பார்த்து, அதே வித்தை கற்ற வேறொருவன் அரசனுடைய உடலில் புகுந்து சிம்மாசனத்தில் உட்கார்ந்துகொள்கிறான். நம் காலத்து மோசடிக்காரனும் இதைத்தான் செய்கிறான். சாவியை உடைக்க அவன் மெனக்கெடுவதில்லை. 'என் அட்டை தொலைந்துவிட்டது' என்று நம் பெயரைச் சொல்லிப் புதிய அட்டை வாங்குகிறான். பேரேட்டில் வரி மாறுகிறது. நம் போன் செத்துப் போகிறது. பாங்கியிலிருந்து வரும் இரகசிய எண் அவன் போனுக்குப் போகிறது. 2019 ஆகஸ்டில் ட்விட்டர் நிறுவனத்தின் தலைவர் ஜாக் டோர்சியின் கணக்கையே இவ்விதம் எண்ணைத் திருடிக் கைப்பற்றினார்கள். இந்தியாவில் புதிய அட்டை வாங்கினால் 24 மணி நேரம் குறுஞ்செய்தியை நிறுத்தி வைக்க 2022-ல் உத்தரவாயிற்று. 2024 ஜூலை 1 முதல், அட்டை மாற்றி ஏழு நாள் ஆகும்வரை எண்ணை வேறு கம்பெனிக்கு மாற்ற முடியாது என்ற விதியும் வந்தது. நமக்கு எரிச்சலூட்டும் அந்தத் தாமதம், யாரோ ஒருவருடைய ஆயுட்காலச் சேமிப்பைக் காக்கிற தாமதம்.

இப்போது அட்டையே மறைந்துகொண்டிருக்கிறது. 2022-ல் அமெரிக்காவில் விற்ற ஐபோன் 14-ல் சிம் கார்டுக்குத் துவாரமே இல்லை. அடையாளத்தை ஆகாய மார்க்கமாக இறக்கிக் கருவிக்குள் வைத்துவிடுகிறார்கள். இதில் நன்மை உண்டு. போனைத் திருடியவன் அட்டையைப் பிடுங்கி எறிய முடியாது. ஆனால் புதிய போன் கீழே விழுந்து உடைந்தால், பரணில் கிடக்கும் பழைய போனை எடுத்து, நாமே அட்டையைச் செருகி, அந்த நிமிஷமே ஆஸ்பத்திரிக்குப் பேசுவது இனி முடியாது. கம்பெனியின் அனுமதி கேட்டுத்தான் கூடு பாய வேண்டும்.

அந்தச் சிறு அட்டை சாமான்ய மனிதனுக்கு ஓர் உரிமையைக் கொடுத்திருந்தது. தன் பெயரைத் தன் கையால் எடுத்து, தான் விரும்பிய இடத்தில் வைத்துக்கொள்ளும் உரிமை அது. யாரும் கொடி பிடித்துப் போராடி வாங்கியதில்லை. காரை விமானத்தில் ஏற்ற முடியாது என்ற சங்கடத்திலிருந்து தானாக வந்தது. போராடாமல் வந்த உரிமை போகும்போதும் சத்தம் கேட்பதில்லை.