இறுகியதா, இறுக்கியதா?

ஒரு பொருள் கெட்டிப்படுவதைச் சொல்ல ஆங்கிலத்தில் வினைச்சொற்கள் ஏராளம். ‘ஹார்டன்’, ‘ஸ்டிஃபன்’ போன்றவை பண்புச்சொல்லோடு ஒரு விகுதி சேர்ந்து பிறந்தவை. ‘பெட்ரிஃபை’ என்பதற்குள் கல் இருக்கிறது. ‘ஆசிஃபை’ என்பதற்குள் எலும்பு இருக்கிறது. இரண்டும் இலத்தீன் வழி வந்தவை. பொருள் இறுதியில் எதுவாக ஆகிறது என்பதையே இச்சொற்கள் காட்டுகின்றன.

தமிழ் வினைகளோ, பெரும்பாலும் அது எவ்வாறு ஆகிறது என்பதைக் காட்டுகின்றன. பால் தயிராக உறைகிறது, பாகு இறுகுகிறது, வெண்டைக்காய் முற்றுகிறது, மரம் வைரம் பாய்கிறது, குளிரில் விரல் விறைக்கிறது, நெடுநேரம் மடக்கிய கால் மரத்துப்போகிறது. முற்றுதலும் வைரம் பாய்தலும் வளர்ச்சியின் பயன். விறைத்தலும் மரத்தலும் உணர்வின் இழப்பு. இவை அனைத்தையும் ‘கடினமாதல்’ என்று ஒரே சொல்லால் பெயர்த்துவிடும் பழக்கம் நம் மொழிபெயர்ப்புகளில் இன்றும் உண்டு.

இதனினும் முக்கியமான வேறுபாடு ஒன்றுண்டு. ‘ஹார்டன்’ என்ற ஒரே சொல் தானாக இறுகுவதையும் பிறர் இறுக்குவதையும் குறிக்கும். தமிழில் அப்படித் தப்பிக்க இயலாது. இறுகு என்பது தன்வினை. இறுக்கு என்பது பிறவினை. அடங்கு – அடக்கு, ஒதுங்கு – ஒதுக்கு, சுருங்கு – சுருக்கு என்பனவும் இவ்வகையினவே. ஒரு மெய்யெழுத்தின் மாற்றத்தில், செய்தவன் யார் என்ற கேள்வி எழுந்துவிடுகிறது.

வரலாறு எழுதுவோர்க்கு இது வெறும் இலக்கணச் செய்தியன்று. ஆங்கிலேயர் ஆட்சியில் சாதி ‘ஹார்டன்’ ஆனது என்று ஆங்கில நூல்கள் எழுதுகின்றன. இதைத் தமிழில் எப்படிச் சொல்வது? 1901ஆம் ஆண்டுக் குடிமதிப்பில் அதன் ஆணையர் ஹெர்பர்ட் ரிஸ்லி சாதிகளைச் சமூக மதிப்பின்படி வரிசைப்படுத்த முற்பட்டார். தத்தம் சாதிக்கு உயர்ந்த இடம் கேட்டு அரசுக்கு விண்ணப்பங்கள் குவிந்தன. இங்கே ‘இறுகியது’ என்று எழுதினால் அட்டவணை போட்ட கை மறைந்துபோகும். ‘அரசு இறுக்கியது’ என்பதே பொருத்தம்.

ஆனால் எல்லாப் பழியையும் அந்தக் கையின்மேல் போட்டுவிட முடியுமா? இதற்கு விடைதேட நாம் பூந்தமல்லியை அடுத்த திருமழிசைக்கு வரவேண்டும். இன்று சிட்கோ தொழிற்பேட்டையாலும், 2020இல் கோயம்பேட்டுக் காய்கறிச் சந்தை சில மாதங்கள் இடம்பெயர்ந்து இயங்கியதாலும் அறியப்படும் இவ்வூர், திருமழிசையாழ்வாரின் ஊர். பிரம்பு அறுக்கும் தொழிலரான திருவாளன் அவரை எடுத்து வளர்த்தார் என்பது குருபரம்பரைக் கதை. நீரில் ஊறினால் வளைந்துகொடுத்து, காய்ந்தபின் அவ்வளைவிலேயே நிலைத்துவிடும் பொருள் பிரம்பு!

அவ்வாழ்வார் பெரும்புலியூரில் ஒரு திண்ணையில் வந்து அமர, வேதம் ஓதிக்கொண்டிருந்தோர் அவர் வளர்ந்த குலத்தை எண்ணி ஓதுவதை நிறுத்தினராம். குறிப்பறிந்து அவர் விலக, மீண்டும் ஓதத் தொடங்கியவர்களுக்கு விட்ட இடம் நினைவுக்கு வரவில்லை. ஆழ்வார் ஒரு கருநெல்லை நகத்தால் பிளந்து, அவ்விடத்தைக் குறிப்பால் உணர்த்தினார் என்கிறது கதை.

இது வரலாற்றுச் சான்றன்று, பக்திக் கதையே. எனினும் இதைப் பதிந்த குருபரம்பரை நூல்கள் ரிஸ்லிக்குப் பல நூற்றாண்டுகள் முந்தியவை. ஒருவர் வந்தமர்ந்தால் ஓதல் நின்றுவிடும் என்பது, அந்நூல்களைக் கேட்டோர்க்கு விளக்கம் தேவைப்படாத நடப்பாக இருந்திருக்கிறது. கதையில் ஆழ்வார் ஒதுங்கினார் என்பதும் உண்மை. அவரை ஒதுக்கினார்கள் என்பதும் உண்மை. முன்னதை மட்டும் சொல்வது அவருடைய பணிவைப் புகழ்வதாகும். பின்னதையும் சொன்னால்தான் அது வரலாறாகும்.

ஆகவே, குடிமதிப்பு அட்டவணை இறுக்கியது, முன்பே பலர் இறுக்கிவைத்திருந்த ஒன்றைத்தான். இரு காலத்துக்கும் வினை ஒன்றே, எழுவாய்தான் வேறு. அவ்வெழுவாயைக் கேட்டுப் பெறும் வசதியைத் தமிழ் நமக்குத் தந்திருக்கிறது. ஆங்கில நூல்களைப் பெயர்க்கும்போது ‘கடினமானது’ என்று எழுதி அதைக் கைவிடுவது, மொழிக்கு மட்டுமன்று, ஒதுக்கப்பட்டவர்களுக்கும் நாம் செய்யும் அநீதி என்றே கருதுகிறோம்.