நாலடி காரும் ஆறடி மனுசனும்

நமக்கு உயரம் ஆறடி ரெண்டு அங்குலம். டவுன் பஸ்ல ஏறினா கம்பி நெத்தியில இடிக்கும். தியேட்டர்ல பின்சீட்டுக்காரர் முணுமுணுப்பார். காலேஜ்ல பட்டப்பேரே 'ஒட்டகம்'. இதெல்லாம் பழகிப்போன சமாச்சாரம். ஆனா ஒரு கார் "உனக்கு இங்க இடமில்ல, எறங்கு"ன்னு முகத்துக்கு நேரா சொன்னது இங்கிலாந்துல தான்.

ஆன்சைட்னு சொல்லி ஆணி பிடுங்க ஆறு மாசம் கவென்ட்ரி பக்கம் அனுப்பியிருந்தாங்க. ஒரு ஞாயித்துக்கிழமை, பழைய கார் வச்சிருக்கறவங்க எல்லாரும் ஒரு மைதானத்துல கூடறாங்கன்னு கேள்விப்பட்டு வேடிக்கை பார்க்கப் போனேன். அங்க நின்னது 1961 ஜாகுவார் இ-டைப். நான் வாயைப் பொளந்து பார்க்கறதைப் பார்த்துட்டு, வண்டிக்காரப் பெரியவர் "உக்காந்து பாரேன்"னார். கதவுக்குக் கீழ இருக்கற அகலமான வாசப்படியைத் தாண்டி ஒரு காலை உள்ள விட்டேன். மத்ததை விடறதுக்குள்ள மூச்சு வாங்கிருச்சு. முட்டி ஸ்டியரிங்ல, தலை கூரையில. கிளட்ச்சை மிதிக்கணும்னா முட்டியைக் கழட்டி வச்சாத்தான் உண்டு.

பெரியவர் சிரிச்சார். ஆனா அவர் கதை சிரிக்கற மாதிரி இல்ல. அவர் மகன் என்னை விட ரெண்டு அங்குலம் உயரம். சின்ன வயசுல இருந்து இந்தக் காரைத் துடைச்சு வளர்ந்த பையன், ஒரு நாள் கூட ஓட்டினது இல்ல.

சரி, அந்தக் காரை ஏன் அப்படிச் செஞ்சாங்க?

இ-டைப்புக்கு உருவம் கொடுத்த மால்கம் சேயர் விமான கம்பெனியில வேலை பார்த்துட்டு வந்தவர். காத்தை எப்படிக் கிழிச்சுட்டுப் போகணும்னு கணக்குப் போட்டு வளைவுகளை வரைஞ்சவர். லெ மான் ரேஸ்ல 1955, 56, 57ன்னு வரிசையா மூணு வருசம் ஜெயிச்ச டி-டைப்பும் அவர் வரைஞ்சது தான். அதே ரத்தம் தான் இதுலயும் ஓடுது. தரையில இருந்து கூரை வரைக்கும் சுமார் நாலடி. நீளத்துல பாதியை பானட்டே தின்னுடும், உள்ள 3.8 லிட்டர் ஆறு சிலிண்டர் எஞ்சின். மிச்ச இடத்துல தான் மனுசன்.

1961 மார்ச்ல ஜெனிவா கண்காட்சியில திரை விலகினப்போ உலகமே அசந்து போச்சு. ஆனா வாங்கினவங்கள்ல உயரமானவங்க நெளிய ஆரம்பிச்சாங்க. காரணம் எளிசு. தரை தட்டையா இருந்தது. பலகை மேல காலை நீட்டி உக்காந்து பாருங்க, குதிகாலும் இடுப்பும் கிட்டத்தட்ட ஒரே மட்டத்துல இருக்கும். கால் நீளமா இருந்து, முன்னாடி இடம் பத்தலைன்னா முட்டி மேல வந்தே ஆகணும். சீட்டைப் பின்னாடி தள்ளலாம்னா முதுகுக்குப் பின்னால தகரச் சுவர் நிக்குது.

ஜாகுவார் இதைப் பிடிவாதமா மறுக்கல. 1962லயே கால் வைக்கற இடத்துல தரையைப் பள்ளமாக்கினாங்க. குதிகால் கீழ இறங்கினதும் முட்டியும் இறங்கிருச்சு. பின்சுவரைக் குழிச்சு சீட் இன்னும் கொஞ்சம் பின்னால போக வழி செஞ்சாங்க. 1964ல 4.2 லிட்டர் எஞ்சினோட நல்ல சீட்டும் வந்தது. 1966ல சக்கரங்களுக்கு இடையில 9 அங்குலம் நீட்டி, கூரையையும் தூக்கி 2+2ன்னு ஒரு வண்டி விட்டாங்க. அழகு கெட்டுப்போச்சுன்னு ரசிகர்கள் புலம்பினாங்க. ஆனாலும் 1971ல வந்த வி-12 வண்டி எல்லாத்துக்கும் அந்த நீட்டின அளவு தான்.

இப்ப வேடிக்கையைக் கேளுங்க. இன்னிக்கு சேகரிக்கறவங்க போட்டி போட்டுத் தேடறது அந்தத் தட்டைத் தரை வண்டியைத் தான்! உக்கார முடியாததுக்கு விலை அதிகம். தாராளமா உக்காரக்கூடிய 2+2 மலிவு.

பெரியவரோட சிக்கல் இது தான். தரையை வெட்டிப் பள்ளம் வச்சா மகன் ஓட்டலாம். ஆனா இந்தக் கார்ல தரையும் உடம்போட சேர்த்துப் பத்த வச்ச பாகம். வெட்டினா வெட்டினது தான், அந்த 1961 தகரம் திரும்பி வராது. அதனால திருப்பிக் கழட்டக்கூடியதை மட்டும் செஞ்சு பார்த்திருக்கார். சீட்டுக்கு மெல்லிசு பஞ்சு, தாழ்வான தண்டவாளம், கொஞ்சம் சின்ன ஸ்டியரிங். பழையதெல்லாம் பத்திரமா பரண்ல. நம்ம பாஷையில சொன்னா பேக்கப் எடுத்துட்டு கோடைத் தொட்டிருக்கார் :-) மகனுக்கு அதுவும் பத்தல.

ரேஸ்காரங்களுக்கு இந்தத் தயக்கமே கிடையாது. 1967 லெ மான். ஃபோர்டு மார்க் 4, ஜிடி40 வம்சம். அந்தப் பேர்ல இருக்கற 40, காரோட உயரம் 40 அங்குலம்ங்கறதால வந்தது. ஓட்ட வந்த டான் கர்னியோ ஆறடி மூணு அங்குலத்துக்குக் குறையாதவர். ஹெல்மெட் கூரையில முட்டுச்சு. என்ன பண்ணினாங்க? தலைக்கு நேரா கூரையை வெட்டி ஒரு புடைப்பு வச்சுட்டாங்க. காத்தோட்டக் கணக்கெல்லாம் அப்புறம். கர்னியும் ஏ.ஜே. ஃபாய்ட்டும் மாத்தி மாத்தி 24 மணி நேரத்துல 5,200 கி.மீ.க்கு மேல ஓட்டி ஜெயிச்சாங்க. மேடையில கர்னி ஷாம்பெயினைச் சுத்தி நின்னவங்க மேல பீச்சி அடிச்சதும் அன்னிக்குத் தான்.

அந்தப் புடைப்புக்கு 'கர்னி பபிள்'னு பேரே வந்துருச்சு. இன்னிக்கு யாராவது அதைத் தட்டி நேராக்கறேன்னு கிளம்பினா அடிக்க வருவாங்க.

இது தான் எனக்குப் புரியாத கணக்கு. அன்னிக்கு வெட்டினா சரித்திரம், இன்னிக்கு வெட்டினா சேதாரம். ரெண்டுமே ஒரு மனுசன் உள்ள உக்காரணுங்கறதுக்காகத் தான்.

கிளம்பறப்போ பெரியவர்கிட்ட, "ஜாகுவார்காரங்களே அடுத்த வருசம் திருத்திட்டாங்களே, அதையே நீங்க செஞ்சா என்ன தப்பு?"ன்னு கேட்டேன். ரொம்ப நேரம் பேசல. அப்புறம் சொன்னார். "பக்கத்து சீட்டுல பெடலும் இல்ல, ஸ்டியரிங்கும் இல்ல. பையன் அங்க உக்காந்துக்கறான். நான் ஓட்டறேன். என்னால முடியாம போற அன்னிக்கு முடிவு பண்ணிக்கலாம்."

நானா இருந்தா வெட்டிருவேன்னு தான் தோணுது. ஆனா ரம்பத்தைக் கையில எடுத்தா கை நடுங்கும்ங்கறதும் நிஜம். நீங்க என்ன பண்ணுவீங்க மக்களே?