வாடைக்காற்றில் வேலணை: பட்டத்தோடு ஒரு வார இறுதி

"மாமி, இங்க வின்ரருக்கு என்ன விளையாடுவீங்கள்?"

மார்கழி விடுமுறைக்கு ரொறன்ரோவிலிருந்து வந்திருந்த அண்ணாவின் மகன் கேட்டான். பதினொரு வயது. அவனுடைய ஊரில் குளிர்காலம் என்றால் ஐஸ் ஹொக்கியும் ஸ்கேற்றிங்கும். எங்களுக்குப் பனி கொட்டுவதில்லை, ஆனால் வாடை வீசும். வாடை வீசினால் பட்டம் ஏறும். அடுத்த சனிக்கிழமை அவனையும் அண்ணாவையும் கூட்டிக்கொண்டு வேலணைக்குப் போனேன். அது எங்கள் ஊர். ஆனால் நான் அங்கே வளர்ந்தவள் அல்ல. 1990இல் படையினர் தீவுப்பகுதிக்குள் இறங்கியபோது எங்கள் குடும்பம் யாழ்ப்பாணத்துக்கு ஓடிவந்தது. நான் பிறந்தது அதற்குப் பிறகு. அண்ணாவுக்கு அப்போது ஏழு வயது.

அந்த வார இறுதியில் பார்த்ததையும், அதற்குப் பின் தனியாகப் போய்க் கேட்டறிந்ததையும் இங்கே எழுதுகிறேன். விடுமுறைக்கு ஊருக்கு வருபவர்களுக்கும், யாழ்ப்பாணத்திலேயே இருந்தும் பண்ணைப் பாலத்தைத் தாண்டாதவர்களுக்கும் உதவக்கூடும்.

பண்ணையிலிருந்து சாட்டிவரை

யாழ்ப்பாணம் பஸ் நிலையத்தில் குறிகட்டுவான் அல்லது ஊர்காவற்றுறை பஸ்ஸில் ஏறலாம். மோட்டார் சைக்கிள் இருந்தால் நினைத்த இடத்தில் நிறுத்தலாம். புறப்படும்போதே வீரசிங்கம் மண்டபத்தடியில் நினைவுத்தூண்கள் இருக்கின்றன. 1974 ஜனவரி 10ஆம் திகதி நான்காவது உலகத் தமிழாராய்ச்சி மாநாட்டின் இறுதி நாளில் உயிரிழந்தவர்களுக்கானவை. அந்த மாநாடுகளுக்கு வித்திட்டவர்களில் முதன்மையானவர் தனிநாயகம் அடிகள். அவர் 1913இல் பிறந்த கரம்பொன், நாம் போகும் இதே தீவில்தான் இருக்கிறது.

பண்ணையில் இருபக்கமும் பரவைக்கடல். மாரி காலத்தில் கரையோரச் சேற்றில் பூநாரைகள் கூட்டமாக நிற்கும். 1990களின் நடுப்பகுதிவரை இந்தப் பாதை மூடிக்கிடந்தது. கடலுக்கு இந்தப் பக்கம் புலிகள், அந்தப் பக்கம் படையினர். எங்கள் அம்மா பண்ணைக் கரையில் நின்று ஊர் இருக்கும் திசையைப் பார்த்துவிட்டுத் திரும்பிய காலம் அது.

பாலம் முடிந்ததும் மண்டைதீவுச் சந்தி. அங்கே சர்வதேச கிரிக்கெட் மைதானம் ஒன்றுக்கு 2025 செப்டெம்பர் 1ஆம் திகதி ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க அடிக்கல் நாட்டினார். விளையாட்டுக்கு இடம் கிடைப்பது நல்ல செய்திதான். ஆனால் 1990இல் இதே மண்டைதீவிலும் அடுத்துள்ள அல்லைப்பிட்டியிலும் பிடித்துச் செல்லப்பட்டவர்களின் குடும்பங்கள் இன்னும் பதில் கேட்டுக்கொண்டிருக்கின்றன. அல்லைப்பிட்டியில் புனித பிலிப்பு நேரியார் ஆலயத்தைக் கடக்கும்போது கொஞ்சம் நில்லுங்கள். 2006 மே 13 இரவு இந்த ஊரில் குழந்தைகள் உட்படப் பொதுமக்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதே ஆண்டு ஓகஸ்ட் 20ஆம் திகதி பங்குத்தந்தை ஜிம் பிறவுண் அடிகளாரும் அவருடன் சென்றவரும் காணாமற்போனார்கள்.

அடுத்தது மண்கும்பான். பெயருக்கேற்ற வெள்ளை மணல் கும்பிகள். பிள்ளைகளுக்குச் சறுக்கி விளையாடும் இடம். தீவுக்கு அது தண்ணீர்த்தொட்டி. மாரி மழை மணலுக்குள் இறங்கி, அடியிலுள்ள உப்புத் தண்ணீருக்கு மேலே நல்ல தண்ணீராக மிதந்து நிற்கிறது. மணலை அள்ளினால் அந்தத் தண்ணீரும் போய்விடும். சட்டவிரோத மணல் அகழ்வுக்கு எதிராக இங்குள்ள சனம் கத்துவது அதனால்தான்.

பிறகு சாட்டி. ஒரு பக்கம் சிந்தாத்திரை மாதா ஆலயம். கடல் போகிறவர்கள் நல்லபடி திரும்பவேண்டும் என்று நேர்ந்துகொள்ளும் மாதா. வெள்ளைக் கடற்கரையில் ஞாயிற்றுக்கிழமைகளில் குளிக்க வரும் கூட்டம். சாட்டியில்தான் துயிலும் இல்லமும் இருக்கிறது. கல்லறைகள் இடிக்கப்பட்ட இடத்தில் கார்த்திகை 27இல் சனம் கூடி விளக்கேற்றுகிறது. கடற்கரைக்குப் போகும் வாகனங்கள் பெரும்பாலும் வேகத்தைக் குறைப்பதில்லை.

பட்டம் ஏற்றுதல்

மழை ஓய்ந்து, வடகிழக்கிலிருந்து வாடை ஒரே சீராக வீசும் மார்கழிக் கடைசியும் தை மாதமும்தான் பருவம். பிற்பகல் நேரம் நல்லது. சாட்டிக் கரையில் வாடை தரையிலிருந்து கடலை நோக்கி வீசுகிறது. நூல் அறுந்தால் பட்டம் கடலுக்குள்தான். பழக்கமில்லாதவர்கள் உட்பக்க வெளிகளில் தொடங்குவது நல்லது.

வேலணையில் எங்களுக்குப் பெரியப்பா முறையான ஒருவர் இருக்கிறார். 1996க்குப் பிறகு திரும்பி வந்து குடியேறியவர். அவரிடம்தான் பட்டம் கட்டுவித்தோம். கொக்கு, பிராந்து, வௌவால், பாம்பு, எட்டுமூலை, படலம் எனப் பல வகை உண்டு. மூங்கிலைச் சீவி, எடை பார்த்து, நடுவில் கட்டி, மெல்லிய தாள் ஒட்டுவார்கள். மருமகனுக்கு எட்டுமூலை கிடைத்தது.

"தம்பி, பட்டம் ஏறுறது முச்சையிலதான்," என்றார் பெரியப்பா. பட்டத்தில் கட்டி, நூலோடு இணைக்கும் மூன்று இழைகள்தான் முச்சை. காற்றுப் பலமாக இருந்தால் மேல் இழையைச் சற்றுச் சுருக்கவேண்டும். பட்டம் கொஞ்சம் படுத்து, காற்றை வழுக விடும். காற்றுக் குறைவென்றால் மேல் இழையை நீட்டவேண்டும். நிமிர்ந்து காற்றைப் பிடிக்கும். கரணமடித்துக் குத்தினால் வாலை நீட்டவேண்டும். கனடாவில் ஒன்லைனில் வாங்கிய பட்டத்தில் இதெல்லாம் இல்லை என்று அவன் சொன்னான்.

கடைசியாக விண் பூட்டினார். வளைத்த வில்லில் இழுத்துக் கட்டிய மெல்லிய நாடா அது. முன்பு பனை நாரில் செய்தார்கள். இப்போது பார்சல் கட்டும் பிளாஸ்ரிக் நாடாவும் பயன்படுகிறது. காற்றுப் படும்போது நாடா அதிர்ந்து கூவும். இரவு முழுக்கக் கட்டிவிட்டால் ஊர் முழுக்கக் கேட்கும். பொம்மரும் ஹெலியும் திரிந்த காலத்தில், தூரத்து விண் சத்தத்துக்கே பங்கருக்குள் ஓடியதாக அம்மா சொல்லியிருக்கிறார். இப்போதும் விண் கூவினால் ஒரு கணம் வானத்தைப் பார்ப்பார்.

பட்டத்தோடு வேறு விளையாட்டுகளும் இந்தப் பருவத்துக்கு உண்டு. நிலவு வெளிச்சத்தில் மணலில் கோடு கீறி விளையாடும் கிளித்தட்டு: குறுக்குக் கோடுகளில் காவல், நடுக்கோட்டில் ஓடும் கிளி, இருவரிடமும் அடிபடாமல் கடந்து திரும்பவேண்டும். பொங்கலை ஒட்டிக் குடாநாட்டில் மாட்டுவண்டிச் சவாரிகள் நடக்கும். மாடுகளைக் குத்தி ஓட்டுவதற்கு எதிர்ப்பும் இருக்கிறது. பிள்ளைகளோடு போனால் அதையும் பேசுங்கள். பெரிய பட்டங்களைப் பார்க்க விரும்பினால், தைப்பொங்கலன்று வல்வெட்டித்துறை உதயசூரியன் கடற்கரையில் நடக்கும் போட்டிக்குப் போகவேண்டும்.

எங்கள் வளவு

பட்டம் ஏற்ற வெளி தேடினோம். வேலணையில் வெளிக்குக் குறைவில்லை. ஒரு வெட்டையில் மருமகன் நூலைப் பிடித்துக்கொண்டு ஓட, எட்டுமூலை ஏறிக் கூவத் தொடங்கியது. அண்ணா பார்த்துக்கொண்டு நின்றவர், திடீரென்று, "நில்லு, அதில கிணறு," என்று கத்தினார். பற்றைக்குள் கட்டு உடைந்த கிணறு ஒன்று இருந்தது. முப்பத்தைந்து வருடம் கழித்தும் கால் ஞாபகம் வைத்திருந்தது.

அது எங்கள் வளவு. பக்கத்தில் சின்னம்மாவின் வளவு, அதற்கப்பால் வாத்தியார் வீடு என்று அண்ணா கையால் காட்டினார். வேலிகள் இல்லை. கூரைகள் இல்லை. அவன் ஓடிய வெளி ஏழு குடும்பங்களின் முற்றங்கள். அவர்களில் ஒரு குடும்பம் மட்டும் தீவில் இருக்கிறது. மற்றவர்கள் கொழும்பில், பரிசில், லண்டனில், கனடாவில்.

"அப்ப நீங்கள் எங்க பட்டம் ஏத்தினீங்கள், அப்பா?" என்று மகன் கேட்டான்.

"கடற்கரையில. இங்க ஏத்த இடமில்ல. வீடும் பனையும்."

இரண்டாம் நாளுக்கு

ஞாயிறு காலை ஊர்காவற்றுறைக்குப் போகலாம். போர்த்துக்கேயர் துறைமுகத்துக்குச் சொன்ன 'காயிஸ்' என்ற சொல்லே கயிற்ஸ் ஆனது. ஒல்லாந்தர் இந்தத் தீவை லைடன் என்றும், புங்குடுதீவை மிடில்பேர்க் என்றும் தங்கள் ஊர்ப் பெயர்களால் அழைத்தார்கள். இறங்குதுறையில் நின்றால் கடலுக்குள் கடற்கோட்டை தெரியும். போர்த்துக்கேயர் கட்டி, 1658இல் ஒல்லாந்தர் பிடித்தது. 1971 கிளர்ச்சிக்குப் பின் ரோஹண விஜேவீர அங்கே அடைக்கப்பட்டிருந்தார். இப்போது கடற்படையின் விடுதி. அங்கிருந்து காரைநகருக்குப் 'பாதை' ஓடுகிறது. அதில் ஏறினால் வந்த வழியே திரும்பாமல் யாழ்ப்பாணம் போகலாம்.

தண்ணீர்ப் போத்தலும் தொப்பியும் கொண்டுபோங்கள். பட்டத்துக்குக் கண்ணாடி பூசிய நூலோ கம்பியோ வேண்டாம். மின்கம்பிகளுக்குக் கிட்டவும் வேண்டாம். அறுந்த நைலோன் நூலைச் சுற்றி எடுத்து வாருங்கள், பறவைகளின் காலில் சிக்கும். பற்றைக்குள் பிள்ளைகளை ஓட விடுமுன் கிணறு இருக்கிறதா என்று ஊரவரைக் கேளுங்கள். அப்படியே அந்தக் காணி யாருடையது என்றும் கேளுங்கள். பெரியப்பாவின் வயதில் இருப்பவர்களுக்கு ஒவ்வொரு வளவின் பெயரும் தெரியும். நாங்கள் கேட்ட ஏழு பெயர்களையும் மருமகன் தன் போனில் எழுதிக்கொண்டு போயிருக்கிறான்.