தொடர்பு வகை (வெல்டிங் இணைப்புகளில்)

ஃபைனைட் எலிமென்ட் கணிப்பில், இரு பாகங்கள் தொடும் இடத்தில் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று மென்பொருளுக்குச் சொல்லும் விதி. பிரியாமல், வழுக்காமல் ஒட்டியிருப்பது ‘பாண்டட்’. உராய்வோடு வழுக்கவும் விலகவும் விடுவது ‘ஃபிரிக்‌ஷனல்’.

வெல்டு என்றாலே பாண்டட் என்று வைத்துவிடுவது பரவலான பழக்கம், பாதிதான் சரி. முழு ஊடுருவல் கொண்ட பட் வெல்டுக்கு அது பொருந்தும். ஒன்றன்மேல் ஒன்று வைத்து, ஓரத்தில் மட்டும் ஃபில்லெட் வெல்டு போட்ட தகடுகளின் உள்முகங்கள் ஒட்டியிருப்பதில்லை. அங்கே ஃபிரிக்‌ஷனல் கொடுத்து, வெல்டு உலோகத்தைத் தனியாக வரைந்து அதன் முகங்களை மட்டும் பாண்டட் ஆக்க வேண்டும். தவறினால் இணைப்பு நிஜத்தைவிட விறைப்பாகத் தெரியும். வெல்டின் வேரில் குவியும் தகைவு காணாமல் போகும். வெல்டு விளிம்பிலோ, எந்தத் தொடர்பு கொடுத்தாலும், கணிப்பு வலையை (மெஷ்) நுணுக்க நுணுக்கத் தகைவு ஏறிக்கொண்டே போகும். அந்த எண்ணை நம்பலாகாது. 10 மி.மீ. தகடானால் விளிம்பிலிருந்து 4, 10 மி.மீ. தள்ளித் தகைவைப் படித்து, விளிம்புவரை நீட்டிக் கணக்கிடுவது வழக்கம்.

போடி மேற்கு மலையில் பொட்டிப்புரம் அருகே திட்டமிடப்பட்ட நியூட்ரினோ ஆய்வகத்தின் 50,000 டன் காந்தத்தைக் கணிக்கும்போதும் இதே பாண்டட் தவறு நேரலாம். 56 மி.மீ. இரும்புத் தகடுகளை, இடையே தாங்கிகள் வைத்து, 40 மி.மீ. இடைவெளியில் அடுக்கும் வடிவமைப்பு அது. தகட்டுக்கும் இடைத்தாங்கிக்கும் பாண்டட் கொடுத்தால், 151 அடுக்குகளும் கணிப்பில் ஒரே கட்டியாகிவிடும்.