எங்கள் ஊர் விளையாட்டு நிலையம்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் எந்த ஊருக்குச் சென்றாலும், கோயிலுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் அடுத்தபடியாகக் கண்ணிற் படுவது சனசமூக நிலையமாகும். முன்புறத்திலே பத்திரிகைகள் பரப்பிய நீண்ட மேசையுடன் ஒரு வாசிகசாலை; பக்கத்திலே இரண்டு கம்பங்கள் நாட்டிய கரப்பந்தாட்டத் திடல்; சற்று வசதியுள்ள ஊராயின் உதைபந்தாட்ட மைதானமும் தேகப்பயிற்சிக் கூடமும் இருக்கும். வலிகாமத்தில் உள்ள அத்தகைய நிலையமொன்றில் நாற்பது ஆண்டுகளுக்குச் சற்று மேலாக நான் அங்கத்தவனாக இருந்து வருகிறேன். அந்த உரிமையோடு, இந்நிலையங்கள் தோன்றி வளர்ந்த வரலாற்றில் நாம் பெருமைப்படத் தக்கது எது, வெட்கப்படத் தக்கது எது என்பதை இன்று சொல்ல விரும்புகிறேன்.

விளையாட்டு நமக்குப் புதியதன்று. கிளித்தட்டும், சடுகுடுவும், போர்த்தேங்காயும், மாட்டுவண்டிச் சவாரியும் நம் முன்னோர் அறிந்தவை. அவற்றுக்குச் சந்தா இல்லை. பெயர்ப் பதிவேடும் இல்லை. காரியதரிசி, தனாதிகாரி, அங்கத்தவர் என்ற ஒழுங்கோடு கூடிய விளையாட்டுச் சங்கம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கல்லூரிகள் வழியாகவே நம்மிடம் வந்தது.

இவ்வகையில் வட்டுக்கோட்டைக்கு உலக வரலாற்றிலேயே ஓர் இடமுண்டு. 1844 ஆம் ஆண்டில் லண்டன் நகரத்துத் துணிக்கடை ஊழியரான ஜோர்ஜ் வில்லியம்ஸ் என்பவர் தம் போன்ற இளைஞரைக் கூட்டி வாலிபர் கிறிஸ்தவ சங்கத்தை, அதாவது வை.எம்.சி.ஏ.யைத் தொடங்கினார். நாற்பது ஆண்டுகள் கழித்து, 1884 இல், யாழ்ப்பாணக் கல்லூரியில் ஆசிரியராக இருந்த பிராங் சாண்டர்ஸ் என்னும் அமெரிக்கர் அங்கே மாணவர்க்கென அச்சங்கத்தின் கிளையொன்றை நிறுவினார். ஆசியாவின் முதலாவது மாணவர் வை.எம்.சி.ஏ. என்று அது கூறப்படுகிறது.

வேதபாடத்துக்கும் பிரார்த்தனைக்கும் எனத் தொடங்கிய இயக்கம் காலப்போக்கில் உடலையும் கவனித்தது. அமெரிக்காவிலுள்ள அதன் நிலையங்களிலேதான் 1891 இல் கூடைப்பந்தாட்டமும், 1895 இல் கரப்பந்தாட்டமும் பிறந்தன. கூடைப்பந்தாட்டத்தின் வேகத்துக்கு ஈடுகொடுக்க இயலாத நடுத்தர வயதினர்க்காகவே வில்லியம் மோர்கன் கரப்பந்தாட்டத்தை வகுத்தார் என்பது என் போன்றோர்க்கு ஆறுதலான செய்தி. அதே இயக்கத்தின் உடற்பயிற்சி இயக்குநரான வோல்ற்றர் கமக் 1916 இல் அதனைக் கொழும்புக்குக் கொண்டுவந்தார். 1991 இல் அது இலங்கையின் தேசிய விளையாட்டாகப் பிரகடனம் செய்யப்பட்டது.

அந்த ஆட்டம் நம் கிராமங்களில் வேரூன்றியதற்குக் காரணம் எளிது. துடுப்பாட்டத்துக்குப் பரந்த வெளி வேண்டும், செலவும் அதிகம். கரப்பந்துக்கோ இரண்டு பரப்புக் காணியிலும் குறைந்த நிலம் போதும். இரண்டு மரங்கள், ஒரு வலை, ஒரு பந்து இருந்தால், தோட்டத்தில் இறைப்பு முடித்து வந்தவனும் அரைமணி நேரம் ஆடிவிட்டு வீடு போகலாம்.

1904 முதல் யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியும் பரியோவான் கல்லூரியும் ஆடிவரும் துடுப்பாட்டப் போட்டியைப் போன்றவை கல்லூரிகளுக்குப் புகழ் தந்தன. 1954 இல் தொண்டைமானாற்று நவரத்தினசாமி பாக்கு நீரிணையை நீந்திக் கடந்ததும், 1958 இல் எதிர்வீரசிங்கம் தோக்கியோ ஆசிய விளையாட்டு விழாவில் உயரம் பாய்தலில் இலங்கைக்கு முதற் பொற்பதக்கம் பெற்றதும் ஊர் இளைஞரின் உள்ளத்தை உயர்த்தின. நிலையங்கள் இந்த உற்சாகத்தில் வளர்ந்தன. இவை யாவும் பெருமைக்குரியவை.

இனி மற்றப் பக்கத்துக்கு வருவோம். 1924 இல் தோன்றி, பின்னர் யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் எனப் பெயர்பெற்ற இயக்கம், பள்ளிகளிலே சகல சாதிப் பிள்ளைகளும் சமமாக அமரவும் ஒருங்கே உண்ணவும் வேண்டுமெனப் போராடியது. 1957 இல் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் நிறைவேறியது. பொது இடங்களில் சாதியின் பேரால் ஒருவரைத் தடுத்தல் அன்று முதல் குற்றம். ஆனால் ஊர்ச் சங்கத்தின் பதிவேடு சட்டத்தின் கண்ணுக்கு எளிதில் அகப்படுவதன்று.

1985 ஆம் ஆண்டு. கையெழுத்து நன்றாக இருந்தமையால் எங்கள் நிலையத்துப் பதிவேட்டை எழுதும் பொறுப்பு மாணவனாகிய எனக்குத் தரப்பட்டிருந்தது. ஒழுங்கைக்கு அப்பாலுள்ள குறிச்சியிலிருந்து என் வயதுப் பையன் ஒருவன் மாலைதோறும் வேலிக்கு வெளியே நின்று ஆட்டம் பார்ப்பான். வேலி தாண்டி விழும் பந்தை ஓடிச்சென்று எடுத்து, வலைக்கு மேலாகக் குறிதவறாமல் அடித்து அனுப்புவான். ஒருநாள் சந்தாக் காசைக் கையிற் பொத்திக்கொண்டு வந்து என் மேசை முன் நின்றான். அருகில் இருந்த பெரியவர் ஒருவர், “தம்பி, இப்போது இடமில்லை, பிறகு பார்ப்போம்” என்றார். என் முன்னே இருந்த பதிவேட்டில் பாதிக்கு மேல் வெற்றுத் தாள். நான் அதை மூடி வைத்தேன். எவரும் அவனை ஏசவில்லை. அவனும் ஒன்றும் சொல்லாமற் போய்விட்டான். அடுத்த மாலை வேலி தாண்டிய பந்தை நாங்களே போய் எடுத்தோம்.

பத்தாண்டுகள் சென்றன. 1995 ஒக்டோபர் 30 ஆம் நாள் வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் தென்மராட்சி நோக்கி இடம்பெயர்ந்தனர். நாங்கள் தங்கிய பள்ளிக்கூட வளவில், சில வாரங்களின் பின், யாரோ இரண்டு மரங்களுக்கிடையே ஒரு கயிற்றைக் கட்டினார்கள். பல ஊர் இளைஞர்கள் ஆடினார்கள். நீ எந்தக் குறிச்சி, யாருடைய மகன் என்று அங்கே ஒருவரும் கேட்கவில்லை. கேட்பதற்குரிய வேலியும் இல்லை, பதிவேடும் இல்லை.

1996 இல் திரும்பி வந்தபோது நிலையத்துக்குக் கூரை இல்லை. பழைய பதிவேடும் இல்லை. புதிய கொப்பியொன்று வாங்கி, ஊரெல்லையில் வசிக்கும் எவரும் அங்கத்தவராகலாம் என்று முதல் தாளில் எழுதினோம். எதிர்த்தவர்களும் இருந்தார்கள், இருவர் விலகியும் போனார்கள். ஒழுங்கைக்கு அப்பாலிருந்து முதலில் மூவரும், பின்னர் பலரும் சேர்ந்தனர். ஆயினும் அன்று காசோடு வந்தவரின் பெயர் அதில் இல்லை. அவர் வெகு முன்பே வெளிநாடு போய்விட்டார். நான் எழுதியிருக்க வேண்டிய பெயர் அது.

பெண்பிள்ளைகளும் அவ்வாறே நெடுங்காலம் வெளியில் நின்றவர்கள். குடாநாட்டிற் பிறந்த தர்ஜினி சிவலிங்கம், 2009 இலும் 2018 இலும் ஆசிய வலைப்பந்தாட்டக் கிண்ணத்தை வென்ற இலங்கை அணியில் ஆடியவர். அவரைப் போல் எத்தனை பேர் திடலுக்கு வர வழியின்றி வீட்டோடு நின்றார்களோ! எங்கள் நிலையத்தில் மாலை ஒரு மணி நேரம் இப்போது அவர்களுக்கென ஒதுக்கப்பட்டுள்ளது. அதற்கே மூன்று பொதுக்கூட்டங்கள் வேண்டியிருந்தன.

போரிற் சிதைந்திருந்த துரையப்பா விளையாட்டரங்கு இந்திய உதவியால் புதுக்கப்பட்டு 2016 யூன் 18 இல் திறக்கப்பட்டது. ஊர்களிலும் வெளிநாட்டு உறவினரின் பணத்தால் உடற்பயிற்சி இயந்திரங்கள் வந்திருக்கின்றன. நல்லதே. ஆனால், சில இடங்களில் அவை பூட்டிய அறைக்குள் இருக்கின்றன. திறப்பு ஒருவர் இருவர் கையில் இருக்கிறது.

நேயர்களே, உங்கள் ஊர் நிலையத்திலும் ஒரு பதிவேடு இருக்கும். அடுத்த பொதுக்கூட்டத்துக்குப் போகும்போது அதை வாங்கிப் பாருங்கள். எந்த ஒழுங்கையின் பெயர்கள் அதில் இல்லை, எந்த வீட்டுப் பெண்பிள்ளைகளின் பெயர்கள் இல்லை என்று எண்ணிப் பாருங்கள். பின்னர், அவர்கள் காசோடு வந்து மேசை முன் நிற்கும்வரை காத்திராமல், நீங்களே அவர்கள் வீட்டுப் படலைக்குச் சென்று அழையுங்கள்.