நிறம் அறியும் கேமரா உணரி

நிறம் அறியும் கேமரா உணரி என்பது, தன் முன்னால் வரும் பொருளைப் படம் பிடித்து, அதன் நிறத்தை எண்களாக மாற்றி, முன்பே கற்பிக்கப்பட்ட நிறத்தோடு ஒப்பிட்டு, ‘ஏற்கலாம்’ அல்லது ‘தள்ளு’ என்ற முடிவைத் தானே அறிவிக்கும் தொழிற்சாலைக் கருவி. லென்ஸ், ஒளியை உணரும் சில்லு, கணக்கிடும் செயலி ஆகியவை ஒரே கூட்டுக்குள் அடங்கியிருப்பதால் இதை ஸ்மார்ட் கேமரா என்கிறார்கள். பல வகைகளில் விளக்கும் கூட்டுக்குள்ளேயே இருக்கும். படத்தை அலசத் தனிக் கணினி தேவையில்லை. முடிவு ஒரு மின் குறிப்பாக இயந்திரக் கட்டுப்பாட்டுப் பெட்டிக்குச் செல்லும்.

தமிழ்நாட்டில் இந்தத் தொழில்நுட்பத்தைப் பரவலாகக் காணும் இடம் அரிசி ஆலை. அங்கே நிற்கும் ‘கலர் சார்ட்டர்’ இதே கொள்கையில், பல மடங்கு வேகத்தில் இயங்குகிறது. கடலூருக்கும் பண்ருட்டிக்கும் இடையே அமைந்த நெல்லிக்குப்பத்தைச் சுற்றிலும் நெல், கரும்பு, முந்திரி, நெய்வேலியின் பழுப்பு நிலக்கரி என நிறத்தால் தரம் அல்லது பெயர் பெற்ற பொருள்கள் பல உண்டு. இக்கருவியின் ஆற்றலையும் எல்லையையும் விளக்க இந்த வட்டாரமே போதும்.

நிறமும் ஒளியும்

நிறம் பொருளில் மட்டும் இருப்பதில்லை. விழும் ஒளி, அதில் ஒரு பகுதியைத் திருப்பி அனுப்பும் பொருள், அதை வாங்கும் கண் ஆகிய மூன்றும் சேர்ந்தே நிறம் பிறக்கிறது. ஜவுளிக் கடையில் புடவை எடுப்பவர்கள் அதைக் கடை வாசலுக்குக் கொண்டுவந்து வெயிலில் விரித்துப் பார்ப்பது இதனால்தான். கடைக்குள் ஒரே நிறமாகத் தெரிந்த புடவையும் ரவிக்கைத் துணியும் வெளியே வந்ததும் வேறுபடுவது உண்டு.

மனிதக் கண் ஏறத்தாழ 400 முதல் 700 நானோமீட்டர் வரையுள்ள அலைநீளங்களைக் காண்கிறது. விழித்திரையில் உள்ள மூன்று வகைக் கூம்புச் செல்கள் நிறத்தைப் பகுத்தறிகின்றன. கேமராவும் இதே வழியில் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்றாகப் பிரித்தே ஒளியை அளக்கிறது.

வரலாறு

தானியத்தை ஒளியால் பிரிக்கும் எந்திரங்கள் 1930-களில் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் பீன்ஸ் விதைகளுக்காகத் தோன்றின. அவை ஒளி மின்கலத்தைக் கொண்டு வெளுப்பையும் கறுப்பையும் மட்டும் பிரித்தன. பின்னர் பிரிட்டனின் சார்டெக்ஸ், ஜப்பானின் சடாகே ஆகிய நிறுவனங்களின் எந்திரங்கள் உலகெங்கும் பரவின. சார்டெக்ஸ் என்ற நிறுவனப் பெயர் இந்தியாவில் பொதுச்சொல்லாகவே ஆகிவிட்டது. அரிசி மூட்டையில் ‘சார்டெக்ஸ்’ என்று அச்சிட்டிருந்தால், நிறம் பார்த்துப் பிரித்த அரிசி என்று வாங்குபவர் புரிந்துகொள்கிறார்.

1969-இல் பெல் ஆய்வகத்தில் வில்லார்ட் பாயிலும் ஜார்ஜ் ஸ்மித்தும் சி.சி.டி. என்ற ஒளி உணரும் சில்லை உருவாக்கினர், இதற்காக 2009-இல் நோபல் பரிசு பெற்றனர். 1976-இல் கோடாக் நிறுவனத்தின் பிரைஸ் பேயர், ஒரே சில்லில் மூன்று நிறங்களையும் பிடிக்கும் வடிகட்டி அமைப்புக்குக் காப்புரிமை பெற்றார். 1990-களில் சீமாஸ் என்ற மற்றொரு வகைச் சில்லுகள் வளர்ந்தபோது கேமராவின் விலையும் அளவும் குறைந்தன. இன்று உள்ளங்கையில் அடங்கும் உணரிகள் இந்த வளர்ச்சியின் விளைவு.

இயங்கும் முறை

சில்லின் மேற்பரப்பு நுண்ணிய படப்புள்ளிகளாகப் பகுக்கப்பட்டிருக்கும். பேயர் அமைப்பில் நான்கு புள்ளிகளுக்கு இரண்டு பச்சை, ஒரு சிவப்பு, ஒரு நீலம் என்ற கணக்கில் வடிகட்டிகள் படிந்திருக்கும். கண்ணின் கூர்மை பச்சைப் பகுதியில் மிகுதி என்பதால் பச்சைக்கு இரட்டைப் பங்கு. அக்கம்பக்கத்துப் புள்ளிகளைக் கொண்டு விடுபட்ட நிறங்களைச் செயலி கணக்கிட்டு நிரப்புகிறது. முடிவில் ஒவ்வொரு புள்ளிக்கும் 0 முதல் 255 வரையில் மூன்று எண்கள் கிடைக்கின்றன.

இந்த மூன்று எண்களை அப்படியே ஒப்பிட்டால் நிழல் விழுந்தாலே கருவி குழம்பிவிடும். ஆகவே அவை நிறச்சாயல், செறிவு, ஒளிர்வு என்ற வேறு மூன்று அளவுகளாக மாற்றப்படுகின்றன. நிறச்சாயல் என்பது வட்டத்தின் மேல் ஒரு கோணம்: சிவப்பு 0 பாகை, பச்சை 120, நீலம் 240. ஒரு செங்கல்லின் அளவுகள் சிவப்பு 200, பச்சை 100, நீலம் 50 என்று கொள்வோம். நிழலில் அவை 100, 50, 25 எனப் பாதியாகின்றன. மூன்று எண்களும் மாறிவிட்டாலும், இரண்டு நிலையிலும் நிறச்சாயல் 20 பாகை, செறிவு 75 விழுக்காடு. குறைந்தது ஒளிர்வு மட்டுமே. செங்கல் செங்கல்தான் என்று கருவி அடையாளம் காண்பது இப்படித்தான்.

வட்டமாக இருப்பதில் ஓர் இடர் உண்டு. சிவப்புப் பொருளின் ஒரு புள்ளி 5 பாகையும் அடுத்த புள்ளி 355 பாகையும் காட்டலாம், இரண்டும் சிவப்பே. இவற்றைச் சாதாரணமாகக் கூட்டிச் சராசரி எடுத்தால் 180 பாகை, அதாவது பச்சை கலந்த நீலம் வந்துவிடும். மிளகாய், தக்காளி, சிவப்பு மூடி போன்றவற்றைச் சோதிக்கக் கருவி அமைப்பவர்கள் இதைக் கவனித்தாக வேண்டும்.

நுட்பமான சாயல் வேறுபாடுகளுக்கு, பன்னாட்டு ஒளியியல் ஆணையம் 1976-இல் வகுத்த லேப் நிறவெளி பயன்படுகிறது. இரு நிறங்கள் கண்ணுக்கு எவ்வளவு வேறாகத் தோன்றும் என்பதை அது ஒரே தொலைவு எண்ணாகத் தரும்.

கற்பித்தல்

இக்கருவிக்கு நிறங்களின் பெயர் தெரியாது. காட்டியதை மட்டும் அறியும். நல்ல பொருளைக் கேமராவின் முன் வைத்து, திரையில் ஒரு கட்டம் வரைந்து, ‘இதுவே சரி’ என்று பதிவு செய்வார்கள். பிறகு விலகல் எல்லை குறிக்கப்படும். எல்லையை இறுக்கினால் நல்ல பொருளும் தள்ளப்படும். தளர்த்தினால் கெட்டதும் நழுவிவிடும். ஒரே ஒரு மாதிரியைக் காட்டி நிறுத்துவது பிழை. வெளிறியது, கருத்தது, ஈரமானது, உலர்ந்தது என நல்லவற்றின் எல்லா முகங்களையும், தள்ள வேண்டியவற்றில் மிக நெருங்கியதையும் காட்டினால்தான் எல்லைக்கோடு சரியான இடத்தில் விழும்.

விளக்கமைப்பு பாதி வேலை. ஜன்னல் வெளிச்சம் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. ஆகவே கேமராவைச் சுற்றி மறைப்புக் கட்டி, மாறாத வெள்ளை எல்.இ.டி. ஒளி தரப்படுகிறது. பளபளக்கும் பரப்பில் விளக்கின் பிம்பம் வெள்ளைப் புள்ளியாக விழும். அங்கே பொருளின் நிறம் பதிவாகாது. விளக்கைச் சாய்ப்பதும், ஒளியைப் பரவலாக்கும் தகட்டை இடுவதும் இதற்குத் தீர்வு. வெள்ளைத் தகட்டைக் காட்டி அவ்வப்போது வெண்மையைச் சரிசெய்வது நடைமுறை.

அரிசி ஆலையில்

கலர் சார்ட்டரின் உச்சியில் உள்ள அதிர்வுத் தட்டு அரிசியைச் சீராகப் பரப்பி, சாய்வான தடங்களில் இறக்குகிறது. தடத்தின் முடிவில் அரிசி திரைபோலக் காற்றில் விழும்போது, முன்னும் பின்னும் உள்ள வரிக் கேமராக்கள் ஒவ்வொரு மணியையும் பார்க்கின்றன. கறுப்பு மணி ஒன்று தென்பட்டதும், அது கீழே வரும் நொடிக்கூறைக் கணக்கிட்டு, அதற்கு நேரான காற்றுக் குழல் ஒரு கணம் திறந்து மூடும். கம்ப்ரசர் காற்று அந்த மணியைத் தட்டித் தனிக் குழாயில் தள்ளும். அரிசி வினாடிக்கு 3 மீட்டர் வேகத்தில் விழுந்தால், ஆயிரத்தில் ஒரு வினாடி பிசகும்போது அது 3 மில்லிமீட்டர் நகர்ந்திருக்கும். அது ஓர் அரிசியின் நீளத்தில் ஏறத்தாழப் பாதி. கெட்ட மணியோடு பக்கத்து நல்ல மணிகளும் தள்ளப்படுவது இயல்பு. ஆகவே தள்ளப்பட்டது மறுபடி ஒருமுறை பிரிக்கப்படுகிறது.

கறுப்பைக் காண்பது எளிது. பழுப்பேறிய மஞ்சள் மணியைக் காண்பது கடினம். வெள்ளை மணிக்கும் மஞ்சள் மணிக்கும் சிவப்பு, பச்சை அளவுகள் நெருங்கியே இருக்கும், குறைவது நீலம். நீல அளவைத் தனியே பிரித்துப் பார்க்கும் கேமரா, குழல் விளக்கின் கீழ் கண் தவறவிடும் மணியையும் பிடித்துவிடுகிறது. புழுங்கல் அரிசி இயல்பிலேயே சற்று மஞ்சள். எனவே பச்சரிசிக்கு அமைத்த எல்லை புழுங்கலுக்கு ஆகாது. அரசுக் கொள்முதல் தரவரையறையும் நிறம் மாறிய மணிகளுக்குப் பச்சரிசியில் ஒரு வரம்பையும் புழுங்கலில் அதைவிடத் தாராளமான வரம்பையும் வைத்திருக்கிறது.

நியாயவிலைக் கடை அரிசியில் கறுப்பு மணிகள் கலந்திருப்பது மக்களின் நெடுநாள் குறை. 2021-இல் இருந்து, தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகத்துக்காக நெல் அரைக்கும் ஆலைகள் கலர் சார்ட்டர் பொருத்த வேண்டும் என்று மாநில அரசு வலியுறுத்திவருகிறது. விலைகொடுத்து வாங்கும் அரிசிக்குக் கிடைத்த தூய்மை, ரேஷன் அரிசிக்கும் கிடைக்க வேண்டும் என்பது நியாயமான கோரிக்கை.

சர்க்கரை, முந்திரி, நிலக்கரி

நெல்லிக்குப்பத்தில் பாரி நிறுவனத்தின் சர்க்கரை ஆலை 1842-ஆம் ஆண்டிலிருந்து தன் வரலாற்றைக் கணக்கிடுகிறது. சர்க்கரையின் தரத்தில் நிறம் தலையாய அளவை. மளிகைக் கடையில் சொல்லும் எஸ்-30, எம்-30 என்ற தரங்களில் எழுத்து படிகத்தின் பருமனையும் எண் நிறத்தையும் குறிக்கும். பன்னாட்டு முறையான இக்கும்சாவில் சர்க்கரையைக் கரைத்து வடிகட்டி, 420 நானோமீட்டர் ஒளி எவ்வளவு உறிஞ்சப்படுகிறது என்று அளக்கிறார்கள். பழுப்பு நிறப்பொருள்கள் நீல ஊதா ஒளியையே அதிகம் விழுங்குவதால் இந்த அலைநீளம் தேர்ந்தெடுக்கப்பட்டது. அரிசியின் மஞ்சளை நீல அளவில் தேடுவதும் இதே காரணத்தால்தான். ஆய்வகச் சோதனைக்குக் கரைசல் வேண்டும். நகரும் பட்டையில் ஓடும் படிகத்தின் நிறத்தைக் கேமரா தொடர்ந்து கண்காணிக்கலாம். ஆனால் படிகத்தின் பருமன் மாறினாலே தோற்றமும் மாறும் என்பதால், ஆய்வக எண்ணுக்கு அது ஈடாகாது.

பண்ருட்டி முந்திரிக்குப் பேர்போனது. வெள்ளை முழுப்பருப்பு டபிள்யூ-180, டபிள்யூ-240, டபிள்யூ-320 எனத் தரம் பிரிக்கப்படுகிறது; ஒரு பவுண்டு எடையில் எத்தனை பருப்பு என்பதே அந்த எண். வறுபட்டுச் சிவந்த பருப்பு தனித் தரம், விலை குறைவு. ஒட்டிய செந்தோல், கரும்புள்ளி, சிவப்பு ஆகியவற்றைக் கேமரா கண்டுபிடிக்கிறது. தட்டின் முன் நாள் முழுக்க உட்கார்ந்து பெண்கள் விரல்நுனியால் செய்துவந்த வேலை இது. எந்திரம் வரும் ஆலைகளில் அவர்களுக்கு மாற்றுப் பணியும் பயிற்சியும் தருவது உரிமையாளரின் கடமை.

நெய்வேலியின் பழுப்பு நிலக்கரி, பெயரிலேயே நிறத்தைச் சுமந்தாலும் கேமராவுக்குக் கடினமான பொருள். ஈரமான நிலக்கரி கறுப்புப் பட்டையின் மேல் கிடந்தால் இரண்டும் ஒளியை விழுங்கிவிடும். மூன்று எண்களும் சுழியை நெருங்கும். அந்நிலையில் நிறச்சாயல் நிலையின்றி ஆடும். இருண்ட பொருள்களுக்கு நிறத்தைவிட ஒளிர்வையோ அகச்சிவப்பையோ நம்புவதே முறை.

பிற துறைகள்

இலங்கையிலும் நீலகிரியிலும் தேயிலைத் தூளிலிருந்து வெளிறிய தண்டையும் நாரையும் நிறப் பிரிப்பான் நீக்குகிறது. திருப்பூரில் சாயமிட்ட துணியின் ‘ஷேடு’ நிறமாலைமானியால் அளக்கப்படுகிறது. ஏனெனில், ஓர் ஒளியில் ஒத்துப்போய் மற்றோர் ஒளியில் பிரியும் சாயங்களை மூன்று நிறக் கேமரா பிரித்தறியாது. மின்வயர்களின் வரிசை, மாத்திரை அட்டை, புட்டி மூடி ஆகியவற்றைச் சோதிக்க எளிய ஸ்மார்ட் கேமராவே போதும்.

எல்லையும் பொறுப்பும்

கண்ணாடியில் தூசி படிந்தால் கேமராவின் கணிப்பு தவறும். தவிடு பறக்கும் ஆலையில் துடைப்பான் ஓயாமல் ஓட வேண்டும். புது அறுவடை வந்தால் எல்லையை மீண்டும் அமைக்க வேண்டும். நிறம் நன்றாக இருப்பதாலேயே பொருள் நல்லது என்று ஆகிவிடாது. பூச்சிமருந்தின் எச்சத்தையோ ஊட்டச்சத்தின் குறைவையோ இக்கருவி காணாது.

அரிசி கறுப்பதன் காரணம் பெரும்பாலும் ஆலைக்கு வருமுன்பே தொடங்கிவிடுகிறது. கொள்முதல் நிலைய வாசலில் மழையில் நனைந்த நெல் சூடேறி, பூசணம் பிடித்து நிறம் மாறுகிறது. கேமரா அந்த மணியைக் குறைசொல்லித் தள்ளுமே தவிர, அதை மீட்காது. தள்ளப்படும் ஒவ்வொரு மணியும் ஓர் உழவரின் உழைப்பு. கலர் சார்ட்டருக்குச் செலவிடும் அதே அக்கறையோடு களத்துக்குக் கூரையும், உலர்த்தும் எந்திரமும், தாமதமில்லாத கொள்முதலும் வேண்டும். அவை அமைந்த இடத்தில் கேமராவுக்கு வேலை குறையும்.